வெள்ளிக்கிழமைக்கென்று வாங்கிய முட்டைகள்

நீபியா லரோசா உருகுவே நாட்டுத் தலைநகர் மொண்டேவிடேயோவில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஊரார் வீட்டுக்கும் நிலத்துக்கும் உயிலுக்கும் பத்திரம் எழுதிய நோட்டரி. அவள் எழுதிய பத்திரத்தில் ஒரு தேதி பிசகியது என்று யாரும் சொல்ல முடியாது. வாழ்க்கையில் அவள் தப்பாகச் சொன்ன தேதி ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னதும் பெற்ற அப்பாவிடம்.

அப்பா அன்செல்மோ பஸ் கண்டக்டர். செர்ரோ பேட்டையின் இறைச்சி ஆலைகள் பக்கமிருந்து கிளம்பி, பதினெட்டாம் ஜூலை அவென்யூ வழியாகப் போகும் பஸ். மற்ற கண்டக்டர்கள் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். அன்செல்மோவுக்கு அது போதாது. பல்கலைக்கழகத்தின் சட்டத் துறை இருந்த பெரிய கட்டடம் கண்ணில் பட்டதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"பல்கலைக்கழகம்! இறங்கறவங்க இறங்குங்க! என் பொண்ணு உள்ளதான் இருக்கா. இன்னும் மூணு பரீட்சைதான் பாக்கி!"

அந்தப் பஸ்ஸில் வழக்கமாக வருபவர்களுக்கு நீபியாவின் படிப்பு அத்துப்படி. முடிதிருத்தும் ஹெனாரோ ஏறும்போதே கேட்பார்: "என்ன அண்ணே, ரோமன் சட்டம் தாண்டிடுச்சா?" "போன வாரமே தாண்டிட்டாளே! நீ எந்த உலகத்துல இருக்க?" என்பார் அன்செல்மோ. அவள் ஒரு பரீட்சையில் தோற்றபோது பஸ்ஸே துக்கம் காத்தது. ஒரு கிழவி தெரியாத அந்தப் பெண்ணுக்காக மெழுகுவர்த்தி ஏற்றியதாகவும் கேள்வி.

முதல் இரண்டு வருஷம் நீபியாவுக்கும் இது சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் கூடப் படித்த எஸ்தர் இருரேட்டா, கடற்கரைப் பக்கம் பெரிய வீட்டுப் பெண், அந்தப் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். "நீபியா, உங்கப்பா தங்கமான மனுஷன்டீ! பஸ் பூரா உன் புராணம்தான்," என்று சொல்லி, காபிக் கடையில் நாலு பேர் நடுவே தொப்பியைச் சரிசெய்வது போல நடித்தும் காட்டினாள். அதில் விஷம் ஒன்றும் இல்லை. எஸ்தருக்கு நிஜமாகவே அவரைப் பிடித்துப்போயிருந்தது. ஆனால் நீபியாவின் காது மடல் கொதித்தது. அன்று சாயங்காலமே, பஸ்ஸில் அப்பா வாயைத் திறந்தபோது அவர் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"சும்மா இருங்கப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே கண்ணு," என்றார் அவர். "அதுக்குத்தானே கத்தறேன்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று டிசம்பர், கடைசிப் பரீட்சை. அந்தப் பல்கலைக்கழகத்தில் பரீட்சை என்றால் வாயால் சொல்வதுதான். பாடத்திட்டம் முழுக்க எண் போட்ட மர உருண்டைகளாக ஒரு கம்பிக் கூண்டுக்குள் கிடக்கும். கூண்டைச் சுழற்றி உருண்டையை எடுத்தால், அதில் வந்த எண்ணுக்குரிய பாடத்தை மூன்று பேராசிரியர்கள் முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அறைக் கதவு திறந்தே இருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம். படிக்கக் கட்டணம் கிடையாது, கேட்கத் தடை கிடையாது என்பதில் ஊருக்கே ஒரு கர்வம். கடைசிப் பரீட்சை தேறியவர் வாசலுக்கு வந்ததும், வீட்டாரும் சிநேகிதர்களும் முட்டை உடைத்து, மாவு கொட்டி, ஆளை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடுவார்கள். அப்படி நாறிக்கொண்டு வீடு போவதுதான் அங்கே பட்டம் வாங்குவது.

பல வருஷம் அந்த வாசலைக் கடந்தே போன அன்செல்மோ ஒருநாள்கூட உள்ளே காலடி வைத்ததில்லை. கடைசிப் பரீட்சைக்கு வருவேன், பின் பெஞ்சில் உட்காருவேன் என்று அவர் எப்போதோ முடிவு செய்திருந்தார்.

"தேதி என்னன்னு சொல்லு பாப்பா. ஷிஃப்ட் மாத்தணும். ஹெனாரோ கடைய மூடிட்டு வரேங்கறான். இன்னும் ஏழெட்டுப் பேர் வராங்க."

ஏழெட்டுப் பேர்! தொப்பியோடு அப்பா, சீப்பு செருகிய சட்டையோடு ஹெனாரோ, மெழுகுவர்த்திக் கிழவி. எல்லோரும் பின் பெஞ்சில் உட்கார்ந்து அவளையே பார்ப்பார்கள். பக்கத்தில் எஸ்தரும் இருப்பாள்.

"வெள்ளிக்கிழமைப்பா," என்றாள்.

பரீட்சை செவ்வாய்க்கிழமை.

அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று யாரும் நினைக்க வேண்டாம். மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை தேறிவிட்டு, அந்த நிறுத்தத்திலேயே அப்பாவின் பஸ்ஸில் ஏறி, "முடிச்சுட்டேன்பா" என்று சொன்னால் மனுஷர் துள்ளிக் குதிப்பார். கூச்சமும் மிஞ்சாது, சந்தோஷமும் குறையாது. நமக்கு வசதியானதையே அடுத்தவருக்கும் பரிசு என்று நினைத்துக்கொள்வதில் நாம் எல்லோருமே கை தேர்ந்தவர்கள்தான்.

அன்செல்மோ மறுநாளே ஒரு டஜன் முட்டையும் பெரிய பொட்டலம் மாவும் வாங்கி வந்து சமையல் மேஜைக்கு அடியில் வைத்தார். நாள்பட்ட முட்டைதானே எல்லோரும் வாங்குவார்கள், காசும் மிச்சம் என்று அம்மா ரொசாவுரா சொன்னதற்கு அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"என் பொண்ணு தலையில அழுகின முட்டையா? போடி."

செவ்வாய்க்கிழமை அவளுக்கு வந்த எண்ணுக்குரிய பாடம் தானப் பத்திரம். கொடுத்த தானத்தை எப்போது திரும்பப் பெறலாம் என்று நடுவில் இருந்த பேராசிரியர் கேட்டார். பெற்றவர் நன்றிகெட்டு நடந்தால் பெறலாம் என்று ஆரம்பித்து, தடுமாறாமல் சொல்லி முடித்தாள். பேராசிரியர்கள் எழுந்து கை குலுக்கினார்கள். பின் பெஞ்சில் யாரோ ஒருவர் தன் முறைக்காகக் காத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் வேறு ஒரு பையனை அவன் வீட்டார் மாவால் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். சுத்தமான உடையோடு அவள் அவர்களைத் தாண்டி நிறுத்தத்துக்கு நடந்தாள்.

பஸ் வந்தது. தூரத்திலேயே குரல் கேட்டது. "பல்கலைக்கழகம்! பொண்ணு உள்ள இருக்கா, இன்னும் ஒண்ணே ஒண்ணு! வர்ற வெள்ளிக்கிழமை!"

ஏறினாள். அவர் முகம் மலர்ந்தது. "என்ன கண்ணு, படிச்சுட்டு வரியா?"

"முடிச்சுட்டேன்பா. பரீட்சை இன்னைக்குத்தான். தேறிட்டேன்."

அவர் துள்ளவில்லை. "வெள்ளிக்கிழமைன்னுதானே சொன்ன?"

தேதியை மாற்றிவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அங்கே தேதி மாறாத பரீட்சையே கிடையாது. இன்னொரு பொய் எல்லாவற்றையும் காப்பாற்றியிருக்கும். எந்தப் பாழாய்ப்போன நேர்மை அப்போது வந்து அவள் நாக்கில் உட்கார்ந்ததோ!

"நீங்கல்லாம் வந்தா எனக்குக் கூச்சமா இருக்கும்னுதான்பா..."

அன்செல்மோ அவளைப் பார்த்தார். ஒரு டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் வைத்தார். பிறகு பஸ் பக்கம் திரும்பி, எப்போதும்போல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"கேட்டீங்களா! என் பொண்ணு நோட்டரி ஆயிட்டா! தேதிய முன்னாடி இழுத்துட்டானுங்களாம், படுபாவிப் பசங்க! நம்ம முட்டையெல்லாம் வீணாப்போச்சு!"

பஸ் கைதட்டியது. ஹெனாரோ எழுந்து வந்து அவள் இரு கன்னத்திலும் முத்தமிட்டு, பேராசிரியர்களை வாய்க்கு வந்தபடி திட்டினார். அவள் சொல்ல வேண்டிய பொய்யை அவளுக்காக அப்பா சொல்லிவிட்டார். அந்த நிமிஷம் கீழே இறங்கி ஓடிவிட வேண்டும்போல் இருந்தது நீபியாவுக்கு.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அம்மா உருளைக்கிழங்கு போட்டு முட்டை அடை செய்தாள். அடுத்த நாளும் அதுவே. மாவு மட்டும் நாள்பட நின்றது. அந்த ஊரில் மழை பெய்தால் மாவைத் தட்டிப் பொரித்துத் தின்பது வழக்கம். இலையுதிர் காலம் வந்து மழை பெய்த போதெல்லாம் அம்மா அந்தப் பொட்டலத்தைத்தான் எடுத்தாள். அப்பா, "நல்லாருக்கு," என்று சொல்லிச் சாப்பிட்டார். அவள் தன் பங்கையும் அவர் தட்டில் வைத்துவிட்டு எழுந்துகொண்டாள்.

பஸ்ஸில் அதன் பிறகு அவர், "பல்கலைக்கழகம்," என்று மட்டும் சொன்னார். மற்ற நிறுத்தங்களைச் சொல்வது போல.

ஒருநாள் உள்ளே கூட்டிப்போய்ப் பின் பெஞ்சில் உட்கார வைக்கலாம், யாருடைய பரீட்சையாக இருந்தால் என்ன என்று நீபியா நினைக்காத டிசம்பர் இல்லை. ஆபீஸ், கல்யாணம், குழந்தை என்று அடுத்த டிசம்பருக்குத் தள்ளினாள். எழுபத்து மூன்றில் ராணுவம் பல்கலைக்கழகத்தைப் பிடித்தது. பேராசிரியர்கள் சிறைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். அடையாள அட்டை காட்டாமல் வாசலைத் தாண்ட முடியாது என்று ஆனது. அவளுக்கு அது நல்ல சாக்காகவும் ஆனது. அதை நினைத்து அவள் பிற்பாடு அழுதிருக்கிறாள்.

எண்பத்தைந்தில் ஆட்சி மாறி, பழைய பேராசிரியர்கள் திரும்பி வந்து, கதவுகள் திறந்தன. அந்த ஜூலையில் அப்பாவைக் கண் வைத்தியரிடம் பஸ்ஸில் அழைத்துப் போனாள். அவருக்கு எழுபத்து நாலு வயது. தொப்பி போய் வெகுகாலம். மழை தூறிக்கொண்டிருந்தது. கண்டக்டர் சின்ன வயசுக்காரன், ரேடியோவில் பந்தாட்டம் கேட்டுக்கொண்டிருந்தான். பல்கலைக்கழகம் வந்தபோது அவன் வாயைத் திறக்கவே இல்லை.

நீபியா எழுந்து நின்றாள். நாற்பத்தேழு வயது, தோல் கைப்பை, நல்ல கம்பளிக் கோட்டு. பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"பல்கலைக்கழகம்! இறங்கறவங்க இறங்குங்க! எங்கப்பாதான் என்னைப் படிக்க வெச்சார்!"

எல்லோரும் திரும்பினார்கள். கண்டக்டர் ரேடியோவைத் தணித்தான். அவள் குனிந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். "வாங்கப்பா, இறங்கலாம். இன்னைக்குப் பரீட்சை நடக்குது. பின் பெஞ்சில உக்காந்து கேக்கலாம். டாக்டர் அப்புறம் பாத்துக்கலாம்."

அன்செல்மோ சுற்றிலும் பார்த்தார். அவள் கையை மெல்ல அமுக்கினார். குரலில் கோபம் துளியும் இல்லை.

"சும்மா இரு பாப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். கதவு மூடியது. அவர் நகர்ந்து இடம் விட்டார். "உக்காரு. நாம இறங்கற இடம் இன்னும் வரல," என்றார்.