மூன்று சொன்னேன், ஒன்றுதான் நின்றது

போன சனிக்கிழமை என் மகள் ஆரணியைத் தொலைத்தேன். கிடைத்துவிட்டாள்.

அவளுக்குப் பதினொரு வயது. ஏ.டி.எச்.டி, அதாவது கவனக் குறைபாடு என்று போன வருடம் டொக்டர் சொன்னார். இங்கே ஜேர்மனியில், ஹனோவர் தமிழ் வகுப்பில் அவளோடு படிக்கும் அபிக்கும் அதேதான். அவனுடைய அம்மா சுகந்தியக்கா ஒருநாள் வகுப்பு வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டா.

"இன்னும் கூட்டிக்கொண்டே வாறியள்? எங்கட அபி தனியத்தான் வாறவன். அவனுக்கும் உதுதானே தம்பி!"

சுருக்கென்றது. அவனுக்கு ஏலுமென்றால் இவளுக்கு ஏன் ஏலாது? பரீட்சை மார்க்ஸை ஒப்பிட்டே வளர்ந்த சனம் நாங்கள்... இப்போது டொக்டர் சொன்னதையும் ஒப்பிடுகிறோம்.

சனிக்கிழமை முதல் தடவையாக அவளைத் தனியே அனுப்பினேன். கதவடியில் நின்று சொன்னேன்: "ஸ்டேஷனில இறங்கு. மற்றப் பக்கம் போய் ட்ராம் மாறு. வகுப்புக்குப் போனதும் எனக்கு ஃபோன் அடி."

"ஓம் அப்பா."

அடிக்கவில்லை. நான் அடித்தேன் — எடுக்கவில்லை. ஆரணி வரவில்லையே என்று டீச்சர்தான் கூப்பிட்டா. எப்படிக் கார் ஓட்டினேனோ தெரியாது.

ஸ்டேஷனில் ஆட்கள் உட்காரும் வாங்கில் இருந்தாள். சொன்னபடி இறங்கியிருக்கிறாள். மிச்சம் இரண்டும் நினைவிலிருந்து போய்விட்டன. ஃபோன் பைக்குள், சத்தமில்லாமல்.

"ஏன் ஃபோன் எடுக்கேல்லை? ஏன் இஞ்சயே இருந்தனி? ஆரையும் கேட்டிருக்கலாமே?"

என் முகத்தையே பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "ஒவ்வொண்டாக் கேளுங்கோ அப்பா... ரெண்டாவதைக் கேக்கேக்க முதலாவது மறந்து போட்டுது."

டொக்டர் முதலே சொன்னவர்தான். பிரச்சினையின் பெயர் ஒன்று, பிள்ளைகள் ஒன்றல்ல. கேட்டதை மனதில் பிடித்துக்கொண்டே காரியத்தைச் செய்யும் நினைவு, இதே பிரச்சினை உள்ள சில பிள்ளைகளுக்கு நன்றாகவே இருக்குமாம். ஆரணிக்கு அது நிறையத் தாங்காது. தலையாட்டிக் கேட்டவன் நான். அப்படியென்றால் மறந்தது யார்?

இந்தக் கிழமை முழுவதும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் சொல்கிறேன். காலுக்குச் சப்பாத்தைப் போடு. போட்டு முடியும்வரை வாய் திறப்பதில்லை. பிறகுதான் பை.

"இனித் தனிய விடமாட்டியளோ அப்பா?" என்று நேற்றுக் கேட்டாள். எனக்கு வரப்போவதெல்லாம் கண்முன் வந்தது. பெரிய பள்ளிக்கூடம், பிறகு ஒரு வேலை, நாங்கள் இல்லாத காலம்...

பயம் மட்டும் ஒவ்வொன்றாக வருவதில்லை.