பூட்டு வரைந்த முனிரத்தினம் அண்ணன்

முனிரத்தினம் அண்ணன் இறந்த செய்தி அவருடைய போனிலிருந்தே வந்தது. நான் வேலைக்குப் போகும் காலை ரயில் பங்காருபேட்டையில் நின்றிருந்தது. திரையில் அவர் பெயரைப் பார்த்ததும், இன்றைய படத்தைப் போட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துத்தான் திறந்தேன். அவர் மகள் எழுதியிருந்தாள்: "அப்பா நேத்து சாயந்திரம் தவறிட்டாரு. குரூப்புல இருக்கறவங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு." மாரடைப்பாம். பெங்களூர் போய்ச் சேரும்வரை அந்த இரண்டு வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

நம் இணைய ஓவியக் குழுவில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. வெளியிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கோலார் தங்கவயல் பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். ஐம்பத்தாறு வயது. வாரம் ஒரு பாடம், தினம் ஒரு படம் என்று நடக்கும் நம் குழுவில் அவரைவிட மோசமாக வரைந்தவர் யாரும் கிடையாது. இதை அவர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். "அதுல இன்னா சந்தேகம்?" என்று அடுத்த படத்தை எடுத்துக் காட்டுவார்.

நானோ நன்றாக வரைபவள் என்று பெயர் வாங்கியவள். எங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய சயின்ஸ் ரெக்கார்டில் தவளையும் இதயமும் என் கைவேலைதான். பிறகு ஓவியக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. அன்றைக்குக் கீழே வைத்த பென்சிலைப் பதினேழு வருடம் தொடவில்லை. வேலை, ரயில், வீடு என்று கேட்பவர்களுக்கெல்லாம் காரணம் சொன்னேன். உண்மையில் அது வெறும் பயம். சுமாராக ஒன்றை வரைந்து, அதை நாலு பேர் பார்த்துவிட்டால் அந்தப் பெயர் என்னாவது? குழுவில் சேர்ந்த பிறகும் மூன்று மாதம் மற்றவர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் கிடந்தேன்.

அண்ணன் பூட்டுதான் வரைவார். பாடம் மரம் என்றாலும் பூட்டு, முகம் என்றாலும் பூட்டு. மனது வைத்தால் ஒரு கீல், ஒரு குழாய். ஒருநாள் பூட்டுக்குப் பின்னால், உச்சி தட்டையான ஒரு மேட்டையும் போட்டிருந்தார். மலை அழகு என்று பலர் எழுதினீர்கள். அது மலை இல்லை, சுரங்கத்தின் கழிவு மண். அதே தங்கவயலில், பாலகாட் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தாலும் அப்படி ஒரு மேடுதான். முதல்முறையாகக் குழுவில் வாயைத் திறந்து, "நீங்க கேஜிஎஃப்பா?" என்று கேட்டேன். தனியாகப் பதில் வந்தது. "ஆமா மேடம். நீங்களும் இங்கதானா? அப்ப இன்னா, ஒரு படம்கூட போட மாட்டேன்றீங்க?"

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். பில் புத்தகத்தின் வெற்றுப் பின்பக்கத்தைத் திருப்பி வைத்து, ஒரு பித்தளைக் குழாயையும் எடுத்து வைத்து, வரையச் சொன்னார். வரைந்தேன். குழாயின் வாய் கோணிக்கொண்டது. கசக்கப் போனவளின் கையைத் தடுத்தார்.

"வாய் கோணலா கீதேன்னு தண்ணி வராதா? என் பூட்டைப் பாருங்க, திருடனே சிரிப்பான். நான் போடல?"

"எனக்கு வெட்கமா இருக்குண்ணே."

"செரி, உங்களுக்கு வெட்கம்னா என் பேர்ல போடறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். போட்டேவிட்டார். அதன் பிறகு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். முனிரத்தினம் சார் எங்கேயோ போய்விட்டார், நிழலைப் பாருங்கள், அந்தப் பளபளப்பைப் பாருங்கள் என்று ஆளுக்கு ஆள் புகழ்ந்தீர்கள். அவர் அத்தனை பேருக்கும் பொறுமையாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. "அது நான் வரைந்தது" என்று எழுதிவிட்டேன். மறுநிமிடம் போன் செய்து ஒரே சிரிப்பு. "இந்தக் கோவத்தை வெச்சிக்கினா இத்தினி வருஷம் சும்மா இருந்தீங்க?" என்றார். மறுநாளிலிருந்து நானும் தினம் வரைய ஆரம்பித்தேன்.

அவர் போனதும் மறுபடி நின்றுவிடுவேனோ என்ற பயம் வந்தது. நின்றும்விட்டேன். ஒன்பது நாள் நோட்டைத் திறக்கவில்லை. பத்தாம் நாள் அவர் மனைவியைப் பார்க்கப் போனேன். கடையைத் திறந்து கல்லாவில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருந்தால் தாங்க முடியவில்லை என்றார். பிறகு கேட்டார்.

"ஏம்மா, நீ படிச்சவ, வரையறவ. நெசத்தைச் சொல்லு. அவரு நல்லா வரைவாரா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இல்லக்கா. ஆனா ஒருநாள்கூட விட்டதில்ல."

அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எனக்குத் தெரியாதா? டெய்லி எங்கிட்டதான் மொதல்ல காட்டுவாரு. நல்லா கீது, நல்லா கீதுன்னு சொல்லி என் வாயே வலிச்சுப்போச்சு."

அண்ணனிடமிருந்து கோடு போடவோ நிழல் போடவோ நான் கற்றுக்கொள்ளவில்லை. தப்பாக வந்ததை ஒளித்து வைக்காத சந்தோஷம் அவருக்கு இருந்தது. அதைத்தான் எனக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். அக்காவின் அந்தச் சிரித்த முகத்தை, அவரிடமே கேட்டுக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து வரைந்தேன். மூக்கு சரியாக வரவில்லை. அக்காவே பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றார். இன்று காலை அதைக் குழுவில் போட்டிருக்கிறேன்.