பயர்வாலுக்கு நான் வாங்கிய கார்டுகள்

பதுளையில் தோட்டங்களை நிர்வகிக்கும் ஓர் அலுவலகத்தில் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மூன்று மாடிக் கணினிகளுக்கும் தோட்டத்து ஆபீஸ்களுக்கும் பொதுவாக இருந்து, வருவதையும் போவதையும் சோதித்து விடும் பயர்வால் பழசாகிவிட்டது. திறந்த மூல மென்பொருளைப் போடலாம் என்று நான் சொன்னேன். மேலாளர் ஒப்புக்கொண்டார். அதை ஓட்டும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பானது.

நான் புரொசெசரைத்தான் பார்த்துப் பார்த்து எடுத்தேன். கேபிள்களைச் செருகும் நெட்வொர்க் கார்டுகளைக் கடைசியில் பஜாரில் வாங்கினேன். கடை முதலாளி கார்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

“தம்பி, இது வீட்டுக்குச் சரி. ஒங்கட ஆபீசுக்கு வாணாம். லோட் கூடினா நின்டுரும். கொழும்புல சொல்லி நல்லதா எடுத்துத் தாறேன், ஒரு கெழம பொறுங்க.”

“இது போதும் நானா” என்றேன்; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். அவசரம் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியாததா என்ற நினைப்புத்தான்.

இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு மழை பிடித்தது. தோட்டங்களின் ஒவ்வொரு பிரிவும், அதாவது டிவிஷனும், மணிக்கொரு தரம் மழை அளவை எங்களுக்கு அனுப்ப வேண்டும். அளவு எல்லை தாண்டினால், சரிவில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைக் காலி செய்யச் சொல்வோம். அன்று பிற்பகல் எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்ப, கார்டுகள் தாங்கவில்லை; பயர்வால் நின்றுவிட்டது. மீண்டும் இயக்கினேன். பத்து நிமிடத்தில் மறுபடி நின்றது.

பெரகலைக்கு மேலேயுள்ள டிவிஷனிலிருந்து, அங்கே கணக்கெழுதும் கிளாக்கரம்மா போன் எடுத்தார்.

“சேர், மழைக் கணக்கு போக மாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்கு.”

“போன்லயே சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

சொன்னார். எல்லை எப்போதோ தாண்டியிருந்தது.

“லயத்துக்குப் பின்னால மண்ணு ஊறிக் கெடக்கு சேர். ஆளுங்கள எறக்கவா?”

“எறக்குங்க. இங்க நான் சொல்லிக்கிறேன்.”

அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. போனை வைத்துவிட்டுப் போய் மேலாளரிடம் சொன்னேன். “மத்த டிவிஷனுக்கும் போன் எடுங்க” என்றார். எடுத்தேன்.

கிளாக்கரம்மா எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய்விட்டார். மறுநாள் காலையில் பார்த்தபோது, மண் சரிந்து லயத்தில் சமையல் செய்யும் இரண்டு குசினிகளை மூடியிருந்தது. உள்ளே யாரும் இல்லை.

பயர்வால் நின்றது பற்றிய அறிக்கையில், மென்பொருளில் கோளாறு இல்லை, நான் தேர்ந்தெடுத்த கார்டுகளே காரணம், கடைக்காரர் முன்பே எச்சரித்தார் என்று எழுதினேன்.

மேலாளர் படித்துவிட்டு, “இவ்வளவு எழுதணுமா?” என்று கேட்டார்.

“எழுதலைன்னா சொஃப்ட்வெயரத்தான் குத்தம் சொல்லுவாங்க சேர்.”

மேலாளர் கையெழுத்துப் போட்டார்.

பிறகு அந்த முதலாளி மூலமே நல்ல கார்டுகளை வரவழைத்தேன். பயர்வால் செய்யும் எல்லாச் சோதனைகளையும் இயக்கிவிட்டு, பெரிய பெரிய கோப்புகளை மூன்று நாள் அதன் வழியாக அனுப்பிப் பார்த்தேன். நிற்கவில்லை. ஒன்று நின்றால் மற்றது எடுத்துக்கொள்ளும்படி அதேபோல் இன்னொரு இயந்திரத்தையும் பக்கத்தில் வைத்தேன்.

சில வாரங்கள் கழித்துக் கிளாக்கரம்மா ஒரு கூட்டத்துக்காகப் பதுளைக்கு வந்தார். அன்று நின்றுபோன பயர்வால் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டினேன்.

“இம்புட்டுத்தானா?” என்றார். பிறகு, தன் டிவிஷனில் மழையை அளக்கும் மழைமானியின் புனல் உடைந்திருக்கிறது, புதிது கிடைக்குமா என்று கேட்டார். விண்ணப்பத்தை அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.