கூறைச் சிவப்பில் ஒரு சிங்கம்

அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தால் முதலில் புகையிலை நெடிதான் மூக்கில் ஏறும். ஜெர்மனியின் பீலெஃபெல்டில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த ஆங்கிலேய மூதாட்டி, ஜெர்மன்காரர் ஒருவரைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர், முதியோர் இல்லத்துக்குப் போகும்போது அதை என் கையில் தந்துவிட்டுப் போனார். உள்ளே உள்ளங்கையளவு பட்டுத் துண்டுகள். அந்தக் காலத்துச் சிகரெட் பெட்டிகளோடு இலவசமாக வந்தவையாம். ஒவ்வொன்றிலும் இங்கிலாந்தின் ஏதோவொரு பழைய பெருங்குடும்பத்தின் அல்லது துறவிகள் மடத்தின் சின்னம்: குறுக்காக வைத்த இரண்டு திறவுகோல்கள், மூன்று மீன்கள், காட்டுப்பன்றித் தலை, கழுத்தில் கிரீடம் மாட்டிய அன்னம். அன்னத்துக்கு எதற்குக் கிரீடம் என்று அம்மாவை அரித்தெடுத்தேன். "வேலை இல்லாட்டி அன்னத்துக்கும் முடி சூட்டுவினம்" என்றார்.

அது இலங்கையில், வன்னியில் கடைசிச் சண்டை நடந்துகொண்டிருந்த குளிர்காலம். தொலைபேசி அடித்தால் எடுக்கப் பயந்து வீட்டில் ஆளை ஆள் பார்ப்பார்கள். அந்த வேளையில்தான் அம்மாவின் தங்கைக்கு, எங்கள் சித்திக்கு, கலியாணப் பேச்சு. பேச்சென்ன பேச்சு, சித்தியும் எசன் நகரில் இருந்த தயா மாமாவும் எப்போதோ ஒருவரையொருவர் விரும்பிவிட்டார்கள். ஆனால் மாமாவின் தாயார் தம் இளைய மகனை அந்தச் சண்டையில் பறிகொடுத்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. "அம்மா ஓம் எண்டால்தான் நானும் ஓம்" என்று மாமா சொல்லிவிட்டார். ஒருமுறை வந்து பெண்ணைப் பார்க்க அந்த அம்மா சம்மதித்ததே பெரிய காரியம். "இது சரிவராட்டி இன்னொருத்தரைக் கட்ட என்னாலை ஏலாது அக்கா" என்று சித்தி அழுததைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

வருகிறவர்களுக்காக அம்மா அந்தப் பட்டுத் துண்டுகளை ஒட்டுப் போட்டு எங்கள் பழைய "செற்றி"க்கு, வரவேற்பறைச் சோபாவுக்கு, ஒரு விரிப்புத் தைத்தார். அம்மா நிறம்தான் பார்த்தார், உருவம் பார்க்கவில்லை. நல்ல காரியத்துக்குக் கூறைச் சேலை நிறம் நடுவில் இருக்கட்டும் என்று, கருஞ்சிவப்பில் பொன் இழையோடிய துண்டை எடுத்து நட்ட நடுவில் வைத்தார்.

ஞாயிறு பின்னேரம் தயா மாமாவும் தாயாரும் வந்தார்கள். அந்த அம்மா மேலங்கியைக் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டு, செற்றியில் அமரக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"இதென்ன?"

"பிள்ளைக்குக் கிடைச்ச பட்டுத் துண்டுகள் அக்கா" என்றார் அம்மா.

"சிங்கம். கையிலை வாள்." அவர் குரல் உயரவேயில்லை. "என்ரை பிள்ளையைக் கொன்றவங்கடை கொடியை விரிச்சுப்போட்டு, அதிலை என்னை இருக்கச் சொல்லுறியளோ?"

அம்மா அப்போதுதான் குனிந்து நடுத் துண்டின் உருவத்தைப் பார்த்தார். நான் ஓடிப்போய்த் தகரப் பெட்டியைத் தூக்கி வந்தேன். "இது இங்கிலாந்துச் சிங்கம், அன்ரி. இலங்கைக் கொடியிலை இருக்கிறது நடந்து போகும், இது ரண்டு காலிலை எழும்பி நிக்குது." எனக்கு மூச்சு வாங்கியது.

"எந்தச் சிங்கமெண்டாலும் வாள் வாள்தான் பிள்ளை."

அப்பா விரிப்பை உருவி இழுத்துச் சுருட்டினார். ஆனால் தயா மாமா தாயாரின் மேலங்கியை விரித்துப் பிடித்துவிட்டார். "வாங்கோ அம்மா, போவம்." அவர் சித்தியின் பக்கம் திரும்பவேயில்லை. எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற சித்தி முன்னே வந்து தட்டை நீட்டினார். "போறதெண்டால் போங்கோ அன்ரி, நான் மறிக்கேல்லை. வெளியிலை சரியான குளிர். இதைக் குடிச்சிட்டுப் போங்கோ."

அந்த அம்மா சித்தியின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுவரைப் பிடித்து மெல்ல இறங்கி, வெறும் நிலத்தில் அமர்ந்தார். செத்தவீட்டில் இருப்பதுபோல இருந்தது. என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. சித்திதான் தட்டை நிலத்தில் வைத்து அவர் எதிரே அமர்ந்தார். அப்புறம் அம்மா, அப்பா, நான்; கடைசியாக மேலங்கியை மடியில் சுருட்டிக்கொண்டு தயா மாமா.

ஒரு மிடறு குடித்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "சீனி காணாது பிள்ளை. எனக்கு ரண்டு கரண்டி போடவேணும். இனி ஞாபகம் வைச்சிரு."

சித்தி அப்போதுதான் அழுதார்.

மேளதாளம் எதுவுமில்லாமல் எசனில் கலியாணம் நடந்தது. துண்டுகளைப் பிரித்துத் தூரப் போட்டாயிற்று, செற்றியும் மாறியது. ஆனால் அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் நிலத்தில்தான் இருப்பார். அவர் இறங்கினால் வீடே இறங்கும். குழந்தைகள் உருளும், சோறும் கதையும் அங்கேயே நடக்கும். முழங்கால் தேய்ந்த பிறகும் அவர் விடவில்லை.

போன வருடம் அவர் காலமானார். அண்மையில் எல்லோரும் பீலெஃபெல்டில் கூடினோம். செற்றியில் இடம் காணாமல் அப்பா அறைக்குள்ளிருந்து கதிரைகள் தூக்கி வந்தார். தேநீரோடு வந்த சித்தி, நடுவே வெறுமையாய்க் கிடந்த நிலத்தைப் பார்த்தார், பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். ஒருவரும் இறங்கவில்லை.