கடகட காரும் எங்கள் அண்ணாவும்

இந்த நினைவு மலரின் முன்பக்கத்தில் அண்ணாவின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். சிரிக்காமல் நிற்கிறார். படம் எடுத்தவர் எவ்வளவு கெஞ்சியும் சிரிக்கவில்லை என்று மச்சாள் சொல்கிறார். அண்ணாவின் மனைவியைத்தான் மச்சாள் என்கிறேன். பகிடி விடுவதோ பாட்டை முணுமுணுப்பதோ அண்ணாவுக்கு வராது. கோயில் திருவிழாவில் அவர் சொல்லும் அரோகரா கூடப் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும். அப்படிப்பட்டவர் ஒருநாள் நடுறோட்டில் நின்று வாயால் ஒரு சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தால்தான் என் மகள் இன்று இருக்கிறாள். அதை உங்கள் எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும்.

திரியாயில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் மூத்தவராக அண்ணா பிறந்தார். ஐயா காய்ச்சலில் போனபோது அவருக்கு மீசை கூட முளைத்திருக்கவில்லை. அம்மாவும் நானும் அவர் பொறுப்பானோம். வயலையும் பார்த்து, படித்தும் முடித்து, திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். பிறகு சண்டை வந்தது. வீட்டைப் பூட்டித் திறப்பை அம்மா முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். அந்த முடிச்சு அவிழாமலே அம்மாவும் கண்ணை மூடினார். நாங்கள் சல்லி என்ற ஊரில் மச்சாளின் சீதனக் காணியில் குடியேறினோம். எனக்குக் கலியாணமும் அந்த முற்றத்தில்தான் நடந்தது.

என் முதற் பிள்ளை பிழைக்கவில்லை. பிள்ளைப்பேற்று நோக் கண்டபோது ஊரடங்கு. பக்கத்தில் ஓடிய ஒரேயொரு வாடகை வானும் வர மறுத்துவிட்டது. வான்காரரைக் குறை சொல்லமாட்டேன். உயிர் யாருக்கும் வெல்லம்தான். விடிந்த பிறகு மீன் லொறியில் என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். பிந்திவிட்டது. அண்ணா என்னோடு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சில மாதங்களில், சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டியறியாத அந்த மனுசன், தன் வயதுக்குக் கிட்டிய பழைய இங்கிலாந்துக் கார் ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினார்.

"இனி ஒருத்தரையும் கெஞ்சத் தேவையில்லை," என்றார். அவ்வளவுதான் கதை.

கார் ஓடியது. ஆனால் அது வருவது ஊருக்கே கேட்கும். முன்பக்கத்தில் கட கட கட என்று ஒரு சத்தம், ஆணி போட்ட தகர ரின்னை யாரோ குலுக்குவது போல. அந்தச் சத்தம் ஒழுங்கை முகப்பில் கேட்டதும் மச்சாள் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்துவிடுவார். பட்டினம் போகும் வழியில் இராணுவச் சென்றி, ஒரு காவலரண், இருந்தது. அங்கு நின்ற சிப்பாய்களுக்கும் சத்தம் பழகி, தூரத்தில் கேட்கும்போதே றோட்டை மறித்த தடியை உயர்த்தி விடுவார்கள். அண்ணாவுக்கு அவர்கள் சிங்களத்தில் வைத்த பெயர் "கடகட மாத்தயா", கடகட துரை. அண்ணா வெட்கப்பட்டார்.

நான் மறுபடியும் பிள்ளைத்தாய்ச்சியானேன். என் கணவர் அப்போது கட்டாரில் வேலையில். மாதம் ஏற ஏறக் காரின் சத்தமும் ஏறியது. பட்டினத்துக் கராஜ்காரர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு ரைமிங் செயின் என்றார். என்ஜினுக்குள் மேலே ஒரு பெரிய பற்சில்லும் கீழே ஒரு சின்னப் பற்சில்லும் இருக்கின்றன. இரண்டையும் பிணைத்து ஓடுவது அந்தச் செயின். நாட்பட்டால் சைக்கிள் செயின் போலத் தொய்ந்துவிடும். தொய்ந்தது பல் தாண்டினால் கார் நின்ற இடத்திலேயே நின்றுவிடுமாம்.

"சாமான் கொழும்பால வரவேணும். காரை விட்டிட்டுப் போங்கோ, வந்தாப் பாப்பம்," என்றார் அவர்.

"தங்கச்சிக்கு மாசம் கிட்டுது. காரை விட்டிட்டுப் போக ஏலாது," என்று அண்ணா திரும்பி வந்துவிட்டார். வீட்டிலேயே செய்வதென்று முடிவானது.

செயின் கிண்ணியாவிலிருந்து வந்தது. அண்ணாவோடு களஞ்சியத்தில் வேலை செய்த முஸ்லிம் நானா ஒருவர், அடிபட்டுக் கிடந்த அதே மாதிரிக் கார் ஒன்றிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தார். இரும்புச் சாமானோடு சென்றி தாண்டினால் ஆயிரம் கேள்வி. நானா செயினைச் சொப்பிங் பையில் இறுகக் கட்டித் தயிர்ச்சட்டியின் அடியில் வைத்து, மேலே தயிரை நிரப்பி, துறையில் பாதை என்னும் மிதவைப் படகில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"தங்கச்சி, தயிரப் பாத்துப் போடுங்க. அடியில கொஞ்சம் கட்டி இரிக்கி," என்று மச்சாளிடம் சட்டியைக் கொடுத்தார்.

வேப்பமரத்தின் கீழ் வேலை தொடங்கியது. நான் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு வயிற்றோடு இருந்து பார்த்தேன். அண்ணா ரேடியேற்றரைக் கழற்றினார். பிறகு பெரிய நட்டு ஒன்று அசைய மாட்டேன் என்றது. காரைக் கியரில் போட்டு, மச்சாளை உள்ளே ஏற்றிப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு அண்ணா ஸ்பானரில் அடித்தார். "ஆறின சோறு குசினிக்கை கிடக்கு, நான் காருக்கை கிடக்கிறன்," என்று மச்சாள் உள்ளேயிருந்து புறுபுறுத்தார். நட்டுக் கழன்றது.

முன்மூடியைத் திறந்தால் இரண்டு சில்லுகளிலும் ஒவ்வொரு சின்னக் குழி. அவை ஒன்றையொன்று பார்த்தபடி நிற்க வேண்டும், அப்படியே செயினைப் போட வேண்டும். எண்ணெய்க் கறுப்பில் குழி கண்ணுக்குத் தெரியவில்லை. மச்சாள் உள்ளே போய்ச் சாந்துப்பொட்டுக் குப்பியை எடுத்துவந்து இரண்டு சில்லுக்கும் பொட்டு வைத்துவிட்டார். நானாவின் செயின் ஏறியது. சரிபார்க்க அண்ணா என்ஜினைக் கையால் ஒருமுறை சுற்றினார். சின்னச் சில்லின் பொட்டு வந்த இடத்துக்கே வந்தது. பெரிய சில்லின் பொட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றது. அண்ணாவின் முகம் செத்துவிட்டது. எல்லாவற்றையும் மறுபடி கழற்றினார், மறுபடி போட்டார், சுற்றினார். திரும்பவும் அதே.

"இஞ்சருங்கோ, இன்னொருக்காச் சுத்துங்கோ," என்றார் மச்சாள்.

"விசர்க்கதை கதையாதையும். பொட்டு விலகிட்டுது."

"சுத்துங்கோவன்."

சுற்றினார். இரண்டு பொட்டும் நேருக்கு நேர் வந்து நின்றன.

"பெரிய சில்லு ஒருக்காச் சுத்தச் சின்னச் சில்லு ரெண்டுதரம் சுத்த வேணும். நீங்களும் நானும் மாதிரித்தான்," என்றார் மச்சாள். நான் சிரித்த சிரிப்பில் பிள்ளை அங்கேயே பிறந்துவிடுமோ என்று பயந்துபோனேன். அண்ணா மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் மச்சாளுக்குத் தன் கையால் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். எண்ணெய் ஒழுகாதபடி மூடிக்கும் என்ஜினுக்கும் நடுவே வைக்கும் காஸ்கற்றுக்குத் தடித்த மட்டை தேவைப்பட்டது. என் கலியாண அழைப்பிதழில் மிஞ்சியிருந்தவற்றை எடுத்து, அளவாக வெட்டி எண்ணெயில் ஊறவைத்துப் போட்டார். "உன்ர கலியாணம் ஒழுகாது," என்றார். அவர் வாழ்நாளில் விட்ட பகிடி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கார் பூனை போல் ஓடியது. ஒழுங்கைக்குள் மட்டும் ஓட்டிப் பார்த்தார். பெற்றோல் கிடைக்காத காலம், உள்ளது முழுவதும் எனக்கென்று வைத்துவிட்டு, தான் வேலைக்குச் சைக்கிளில் போய் வந்தார். சத்தம் போனதில் எங்கள் எல்லாருக்கும் பெருமை. அந்தச் சத்தம் எங்களுக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

எனக்கு நோ வந்தது ஒரு விடியற்காலை. ஊரடங்கு எடுபட்ட கையோடு புறப்பட்டோம். பின் சீற்றில் மச்சாளின் மடியில் என் தலை. வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. சென்றியை நெருங்கும்போது சிங்களத்தில் பெரிய சத்தம் கேட்டது. அண்ணா பிரேக் அடித்தார். தடி உயரவில்லை. மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து துவக்கின் குழல் எங்களைப் பார்த்தது. சத்தமில்லாமல் வந்த அந்தக் காரை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

அண்ணா உள் விளக்கைப் போட்டு, இறங்கி, இரு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். அடையாள அட்டை சட்டைப் பையில். கையை இறக்கி எடுக்கப் பயம்.

"யாரு? என்ன கார்?" என்று சிப்பாய் உடைந்த தமிழில் கத்தினார்.

அண்ணாவுக்குப் பேச்சு வரவில்லை. உள்ளே நான் முனகுவது அவருக்குக் கேட்டிருக்கும். போனமுறை பிந்தியதும் நினைவில் வந்திருக்கும். திடீரென்று, தூக்கிய கை தூக்கியபடி, "கட கட கட கட கட" என்று வாயால் சத்தமிட்டார். மூச்சு முட்ட முட்ட விடாமல் சத்தமிட்டார். என் நோவுக்குள்ளும் அந்தக் குரல் எனக்குக் கேட்டது. எங்கள் அண்ணாவின் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

பிறகு துவக்கு இறங்கியது. "ஆ! கடகட மாத்தயா!" என்று சிப்பாய் சிரித்தார். தடி உயர்ந்தது. ஆசுப்பத்திரிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். என் மகள் பிறந்தாள்.

மறுவாரமே அண்ணா ஒரு பால்மா ரின்னில் பழைய ஆணிகளைப் போட்டுக் காரின் பின்னால் கட்டிவிட்டார். அவ்வளவு பாடுபட்டு நிறுத்திய சத்தத்தைத் தானே திரும்பக் கொண்டுவந்தார். சண்டை முடிந்த பிறகும் அவர் அதை அவிழ்க்கவில்லை. மச்சாளுக்குத் தேத்தண்ணி வைக்க அடையாளம் வேண்டுமாம்.

பாரிசவாதம் வந்து பேச்சிழந்து கிடந்த அண்ணாவைப் பராமரித்த ஆசுப்பத்திரி வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் எங்களுக்குச் சமைத்துத் தந்த சல்லிச் சனங்களுக்கும் நன்றி. அண்ணா கண்ணை மூடிய எட்டாம் நாள், கிண்ணியா நானா தள்ளாத வயதில் தயிரோடு வந்தார். மச்சாள் அகப்பையை அடிவரை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு அழுதார். அன்று தடியை உயர்த்திய சிப்பாயின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையும் தன் வீடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமென்று மாரியம்மனை வேண்டுகிறேன்.

கடைசியாக என் மகளுக்கு நன்றி. ஆசுப்பத்திரியிலிருந்து அண்ணாவின் உடலை வீட்டுக்குக் கொண்டுவரும்போது, அவள் அந்த ரின்னை அவிழ்த்து வந்து அவர் வந்த வண்டியின் பின்னால் கட்டிவிட்டாள். இதென்ன கூத்து என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். சென்றி இருந்த இடத்தில் இப்போது எருக்கலை முளைத்திருக்கிறது. அதைத் தாண்டி, ஒழுங்கைக்குள் வண்டி கடகடவென்று திரும்பியது. அழுதழுது ஓய்ந்து சுவரோடு சாய்ந்திருந்த மச்சாள், "அவர் வந்திட்டார்," என்று எழும்பிப் போய் அடுப்பில் தண்ணி வைத்தார். நாங்கள் யாரும் அவரைத் தடுக்கவில்லை.

அன்புத் தங்கை