ஏழாவது தளபதியும் அருளம்பலம் அண்ணையும்

செவ்வாய்க்கிழமை காலை, பிரித்தானியாவில், மிச்சம் என்ற ஊரிலுள்ள என் அச்சகத்தில் கல்யாணக் கார்டுகளை வெட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அருளம்பலம் அண்ணையின் மகள் சுதா. "அங்கிள், அப்பா இல்லை. நித்திரையிலேயே போயிட்டார்" என்றாள். அழவேண்டிய நான் அழவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் தலைக்குள் முதலில் ஓடியது ஒரே கேள்விதான். மனுசன் அறுபத்திநாலாம் பக்கத்தை வாசித்துவிட்டாரா?

அண்ணையை, அவர் குடியிருந்த பிளேஸ்டோவில் அறியாதவர்கள் குறைவு. தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். சிறுவயதில், திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்ற பிரித்தானியக் குரூசர் போர்க்கப்பல்களைப் பார்த்து வளர்ந்தவர். அந்தக் கப்பல் அணியின் வரலாற்றையும் அதை நடத்திய ஒன்பது தளபதிகளின் கதையையும் தமிழில் எழுதியே தீருவேன் என்று, பென்சன் எடுத்த நாளிலிருந்து ஆவணக் காப்பகமே கதியென்று கிடந்தார். "எங்கட ஆக்கள் கோயில் வரலாறு எழுதுவினம், பள்ளிக்கூட வரலாறு எழுதுவினம். இந்த மனுசனுக்கு வெள்ளைக்காரன்ர கப்பல்!" என்று அவர் மனைவி பரமேஸ் அக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

எழுதியதைப் பையில் போட்டுக்கொண்டு ரெயிலும் டிராமும் ஏறி என்னிடம் வருவார். நான் அச்சுக்கோத்து அனுப்பும் படிகளைப் பென்சிலால் திருத்துவார். ஆதாரமில்லாத வரி எதைக் கண்டாலும் ஓரத்தில் இரண்டே சொற்கள்தான்: "ஆர் பார்த்தது?" ஒருமுறை, 'மூன்றாவது தளபதி கோபக்காரர்' என்ற வரிக்குப் பக்கத்திலும் அது இருந்தது. "அண்ணை, இது நீங்கள் எழுதினதெல்லோ!" என்றேன். "ஓம் தம்பி. எழுதேக்கை கை ஓடிப்போச்சு. இப்ப கேக்கிறன்." அந்த ஒரு சொல்லுக்காக இரண்டுதரம் காப்பகத்துக்குப் போய்வந்து, 'கோபக்காரர் என்று அவருக்குக் கீழிருந்த அதிகாரி ஒருவர் எழுதியிருக்கிறார்' என்று மாற்றிவிட்டுத்தான் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தார்.

இப்படிப்பட்டவர் ஏழாவது தளபதியிடம் வந்து நின்றுவிட்டார். போர்க்காலத்தில் அணியின் கப்பலொன்று அடிபட்டுத் தாழ்ந்தது. ஆட்கள் தண்ணீரில் கிடந்தார்கள். ஏழாமவர் மற்றக் கப்பல்களைத் திருப்பவில்லை. மிஞ்சியவற்றைக் காப்பாற்றவா, பயத்திலா என்பதற்குப் பதில் எந்தக் காகிதத்திலும் இல்லை. எட்டு மாதமாக அறுபத்திநாலாம் பக்கத்தில் அரைப் பக்கம் வெறுமையாகவே கிடந்தது. கேட்கும்போதெல்லாம், "ஏலாது தம்பி. அந்த ஆளை என்னாலை எழுத ஏலாது" என்பார்.

எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. முந்திரிக்கொட்டை மாதிரி நானே ஒரு வரி எழுதினேன்: 'தத்தளித்த தன் ஆட்களைக் கைவிட்டு, உயிருக்குப் பயந்து ஓடியவர் இவர்.' கோபம் வந்தாவது மனுசன் எழுதி முடிக்கட்டும் என்று, அதையும் சேர்த்துக் கோத்த முழுப் படியையும் அவர் சாவதற்கு முந்திய வியாழக்கிழமை தபாலில் போட்டேன். திங்கட்கிழமை வரை அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. போன் எடுக்கலாமா என்று யோசித்து யோசித்தே விட்டுவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நினைவு மலர் கொடுப்பது நம் வழக்கம். "தேவாரத்தோடை அப்பாவின்ர புத்தகத்தையே அடிப்பம் அங்கிள்" என்றாள் சுதா. அப்படியானால் அண்ணையிடமிருந்த படி எனக்கு வேண்டும். பிளேஸ்டோவுக்கு ரெயிலேறினேன்.

மறைக்க முடியவில்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஏசுவார் என்று நினைத்தேன். அக்கா வேறொரு கதை சொன்னார்.

"உனக்குத் தெரியாது தம்பி. நாங்கள் மன்னாரிலை இருந்து வள்ளத்திலை இந்தியாவுக்குப் போகேக்கை ஒருத்தர் தண்ணிக்குள்ளை விழுந்திட்டார். தூரத்திலை நேவி போட் நிக்குது. ஓட்டி, 'திருப்பட்டோ?' எண்டு கேட்டான். இவர்தான், 'திருப்பாதை, விடு' எண்டவர். வள்ளத்துக்குள்ளை இருவது சனம். சுதா என்ர மடியிலை, கைக்குழந்தை. அதுக்குப் பிறகு இவர் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கேல்லை."

அக்கா எழுந்தார். அலமாரியிலிருந்த படியை எடுத்துத் தந்தார். புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம், "ஆர் பார்த்தது? ஆர் பார்த்தது?" அறுபத்திமூன்றிலும் இருந்தது. அறுபத்திநாலில் என் வரி மட்டும் கிடந்தது, ஓரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அறுபத்தைந்தில் மறுபடி பென்சில். ஆக, வாசித்திருக்கிறார். ஊர் உலகத்தையெல்லாம் சாட்சி கேட்ட மனுசன், அந்த ஒரு வரியை மட்டும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

அப்போதுதான் அழுதேன். "நான்தான் அக்கா அவரை..." என்று தொடங்கினேன். "விசர்க்கதை கதையாதை. அவரின்ர இதயம் ஏலாமல் கிடக்குதெண்டு டொக்டர்மார் எப்பவோ சொல்லிப்போட்டினம்" என்று அதட்டினார். பிறகு குரல் தணிந்து, "அந்த வரியை எடுத்துவிடு. வள்ளக்கதையையும் எழுது, எனக்குச் சம்மதம். இவ்வளவு காலமும் மூடி வைச்சு அந்த மனுசன் என்ன சுகத்தைக் கண்டுது?" என்றார். அவர் அப்படிச் சொன்னாலும் என் பயம் போகவில்லை. அந்தக் கடைசி நாட்களில் அண்ணை என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு இனி யார் சொல்வது?

"அரைப் பக்கம் வெறுமையா இருக்குமே அங்கிள், இன்னொரு தேவாரம் போடுவமா?" என்று கேட்டாள் சுதா. வேண்டாமென்றேன். உங்கள் கையிலிருக்கும் இம்மலரில் ஏழாவது தளபதியின் பெயருக்குக் கீழே ஒன்றுமில்லை. அச்சுப்பிழை என்று யாரும் எனக்குப் போன் எடுக்க வேண்டாம். அண்ணை விட்டபடியே விட்டிருக்கிறேன்.

அவருடைய பென்சிலை அக்கா என்னிடமே தந்துவிட்டார். கட்டைப் பென்சில், விரலளவுதான் மிச்சம். என் மேசையில் அந்தப் படியும் இருக்கிறது. அறுபத்திநாலாம் பக்கத்தில் என் வரியை வெட்டிவிட்டு, அண்ணை தனக்காகக் கேட்காமல் விட்ட அந்த ஓரத்தில், அவர் பென்சிலால் அவருக்காக நான் எழுதி வைத்திருக்கிறேன்: "ஆர் பார்த்தது?"