சிக்கந்தர் அண்ணனின் பேரில்லாத கிட்டார்

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். காய்கறிப் பையோடு மேலமாசி வீதியில் வந்துகொண்டிருந்தேன். சுவரில் பசை காயாத கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒன்று. கண்ணாடி கொண்டுபோகாததால் எழுத்தைப் படிக்க முடியவில்லை. படத்தை மட்டும் பார்த்தேன். முகம் மங்கலாக இருந்தது, கிட்டார்தான் பெரிதாகத் தெரிந்தது. யாரோ ஒருவர் ஆறு கம்பிக் கிட்டாரோடு நின்றார். கிட்டாரின் தலையில் வெள்ளையாகக் கம்பெனிப் பெயர். நமக்குத் தெரிந்த ஆள் இல்லை என்று நடையைக் கட்டினேன்.

சாயங்காலம் எட்வின் வீட்டுக்கு வந்தான். நான் பாடுகிற மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசிப்பவன். வாசலிலேயே நின்றுகொண்டு, "என்னக்கா, நீங்க வரவே இல்லையே? சிக்கந்தர் அண்ணன மதியத் தொழுகை முடிஞ்சு அடக்கம் பண்ணிட்டோமே" என்றான். காலையில் நான் பார்த்தும் பார்க்காமல் கடந்துபோனது அவருடைய போஸ்டர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. அச்சகத்தில் அவசரத்துக்கு எட்வின் படத்தை எடுத்து, கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டு, அண்ணன் தலையை ஒட்டியிருக்கிறார்கள். "பாக்கையில எனக்கே நெஞ்சு பக்குன்னு ஆயிருச்சுக்கா. நானே செத்த மாதிரி இருக்கு" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருடம் ஒரே மேடையில் நின்றவருடைய முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமல் போயிற்று. அதுவும் ஒரு பொய்க் கிட்டாரால்.

அவரைத் தெரிந்த எல்லோரும் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். முன்னால் பேசியவர்கள் நல்ல மனிதர், சாந்தமானவர், யார் மனதையும் நோகடிக்காதவர் என்றார்கள். சாந்தமா? அவரைப் போல வீம்பு பிடித்த மனிதர் இந்த மதுரையில் இல்லை. அந்த வீம்பைப் பற்றிப் பேசத்தான் நான் எழுந்திருக்கிறேன். எழுதி வைத்துப் படிக்கிறேன். இல்லாவிட்டால் யாரையாவது திட்டிவிடுவேன்.

அவர் வாசித்தது பாஸ் கிட்டார். நாலே கம்பி. பாட்டுக்கு அடியில் கும் கும் என்று நடந்துகொண்டே இருக்கும் சத்தம். பகலில் காஜிமார் தெருவில் ரேடியோ ரிப்பேர், சாயங்காலம் எங்களோடு ஒத்திகை. அந்தக் கிட்டாரைத் தூத்துக்குடியில் கப்பல் வேலைக்காரர் ஒருவரிடம் பழையதாக வாங்கினார். வாங்கும்போதே அதில் பெயர் இல்லை. எந்த நாட்டுச் சரக்கு என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

எங்கள் தொழிலில் அது பெரிய குறை. திருவிழாக் கமிட்டிக்காரர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒத்திகை அறைக்கு வந்து பார்ப்பார்கள். பாட்டைக் கேட்க மாட்டார்கள். வாத்தியங்களை மாட்டைப் பார்ப்பதுபோலச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "இது பாரினா?" என்று கேட்பார்கள். அதற்காகக் குழு நடத்துகிற தனபால் அண்ணன், பெயின்டர் மாரியை வரவழைத்து எல்லா வாத்தியத்திலும் வெளிநாட்டுப் பெயரை எழுதச் சொன்னார். மாரி அண்ணன் கையில் அன்றைக்கு இருந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றே ஒன்று. அதில் இருந்த பெயரை அச்சு அசலாக எட்வின் கிட்டாரில் எழுதிவிட்டார். ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, அது தையல் மெஷின் கம்பெனி. அதோடு அம்பது ஊர் போயிருப்போம், ஒரு கமிட்டிக்காரர் கண்டுபிடிக்கவில்லை. போஸ்டரில் இப்போது அண்ணன் கையில் இருப்பதும் அந்தத் தையல் மெஷின்தான்.

சிக்கந்தர் அண்ணன் கிட்டாரை மட்டும் மாரி அண்ணனால் தொட முடியவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "எதுக்குண்ணே இம்புட்டு அடம்? ஒரு பேருதானே?" என்று தனபால் அண்ணன் கெஞ்சினார். "பேரு தெரியாத பொருளுக்கு நாம எப்படிப் பேரு வைக்கிறது, தனபாலு? வாசிக்கேன், கேட்டுட்டுச் சொல்லச் சொல்லுங்க" என்றார் இவர். கமிட்டிக்காரர் யாராவது என்ன கம்பெனி என்று கேட்டாலும் அதே பதில்தான். அதனால் எங்களுக்கு எத்தனை ஊர் கை நழுவிப் போனது என்று தனபால் அண்ணன் இன்றைக்கும் சொல்வார்.

வெறும் வீம்பு என்றுதான் நானும் நினைத்தேன், ஒருநாள் அந்தப் பெட்டியின் மூடியை உள்பக்கமாகப் பார்க்கும்வரை. மூடி முழுக்கப் படம். புது மண்டபத்துப் பழைய புத்தகக் கடைகளில் வெளிநாட்டுப் பாட்டுப் பத்திரிகைகளைத் தேடித்தேடி வாங்கி, வெட்டி ஒட்டியிருந்தார். எல்லாரும் ராக் குழுக்களின் பாஸ் வாசிப்பாளர்கள். உலகம் பூராவும் பேர்போனவர்கள். ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருக்கும் லென்ஸை என் கையில் கொடுத்து, "இந்தா தங்கச்சி, இந்த ஆளு மத்த எல்லாப் படத்துலயும் ஒரே கிட்டாரத்தான் வச்சிருப்பாரு. கடைக்காரங்கெ அதைத்தான் அவரு கிட்டாருன்னு விக்கிறாங்கெ. இது ரெக்கார்டிங் ரூம்ல எடுத்த படம். கையில என்னா இருக்கு பாரு" என்றார். பார்த்தேன். சாயம் போன வேறு ஏதோ ஒரு கிட்டார். தலையில் எழுத்தே இல்லை. இன்னொருவர் மலிவாக வாங்கிய கிட்டாரின் கழுத்தில் வீணை மெட்டுபோலக் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளை எல்லாம் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு வாசித்தாராம். மற்றொருவருடையது எந்தக் கடையிலும் விற்காத, யாரோ கூட்டாளி வீட்டில் செய்துகொடுத்த கிட்டார். "அம்புட்டுப் பெரிய ஆளுக, பேரு இல்லாததத் தூக்கிக்கிட்டு நிக்கிறாக. அவுக கிட்ட எந்தக் கமிட்டிக்காரன் போயி இது பாரினான்னு கேட்டான்?" என்றார். அவர்களுக்கு அது உள்ளூர்ச் சரக்குதானே அண்ணே என்றேன். அன்றைக்குத்தான் அவர் வயிறு வலிக்கச் சிரித்ததைப் பார்த்தேன்.

இனிமேல் சொல்லப்போவதில் என் தப்பு இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அஞ்சலி செலுத்த எனக்கு மனமில்லை.

அந்தக் காலத்தில் கிராமத்துக் கச்சேரி என்றால் மரத்துக்கு மரம் கூம்புக் குழாய் கட்டுவார்கள். அந்தக் குழாயில் என் குரல் மூன்று மைல் போகும். பாஸ் கிட்டார் மூன்றடி போகாது. அடிச் சத்தத்தை அந்தக் குழாய் வெளியே விடவே விடாது. "அந்த நாலு கம்பிக்காரரு சும்மாதானே நிக்காரு, அவரு எதுக்கு?" என்று ஊர் ஊராகக் கேட்டார்கள். ஒருநாள் தனபால் அண்ணன் எங்களைக் கூட்டிவைத்தார். பாஸை எடுத்துவிட்டு வேனில் அந்த இடத்தில் மிமிக்ரிக்காரர் ஒருவரை ஏற்றலாமா என்று கேட்டார். ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். சிக்கந்தர் அண்ணன் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். என்னைத்தான் பார்த்தார்.

"சரிங்க. அடுத்த கச்சேரிக்கு மட்டும் வாரேன்" என்றார். "மேடையில நிப்பேன். வயரச் சொருக மாட்டேன். யாருக்காச்சும் வித்தியாசம் தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலைன்னா நானே போறேன், ஒருத்தரும் அனுப்ப வேணாம்."

அந்தக் கச்சேரி திருவாதவூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், பொங்கல் விழாவுக்கு. மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். சொன்னபடி அவர் தன் இடத்தில் கிட்டாரை மாட்டிக்கொண்டு சிலை மாதிரி நின்றார். அவருடைய சின்ன ஸ்பீக்கர் பெட்டி எப்போதும் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அன்றைக்கு அது செத்துக் கிடந்தது. முதல் பாட்டு எப்படியோ போயிற்று. இரண்டாவதில் டிரம்ஸ்காரர் தாளத்தை விட்டு வேகமாக ஓட ஆரம்பித்தார். மூன்றாவதில் எனக்குச் சுருதி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. காலுக்குக் கீழே பலகையை உருவிவிட்டதுபோல இருந்தது. முன்வரிசையில் ஒருவன், "எக்கா, யாரு துரத்துறா? மெதுவாப் பாடு!" என்று கத்தினான். ஊரே சிரித்தது.

பாட்டைப் பாதியில் நிறுத்தினேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படிச் செய்ததில்லை. மைக் வாயருகில் இருந்தது என்ற நினைப்பே இல்லாமல், "அண்ணே, வாசிங்கண்ணே. நான் தலையாட்டுனது தப்பு" என்றேன். அத்தனை குழாயிலும் அது போயிற்று. தனபால் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். சிக்கந்தர் அண்ணன் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. குனிந்து வயரைச் சொருகினார். "ஊருக்குக் கேக்காட்டி என்னா? பாடுறவளுக்குக் கேக்கணும்ல" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பின்னால் அந்தக் கும் கும் எழுந்தது. பாட்டு கால் ஊன்றி நின்றது. கச்சேரி முடிந்ததும் கமிட்டித் தலைவர் வந்து, "நடுவுல என்னத்தையோ ரிப்பேர் பாத்தீக போல, அதுக்கப்புறம் அருமை" என்றார். மிமிக்ரிக்காரர் எங்கள் வேனில் ஏறவே இல்லை.

கடைசிவரை அவர் அந்தத் தலையாட்டலை எனக்குச் சொல்லிக்காட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஒரு தடவை வைதிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மதினி அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "ஒன்கிட்டத்தான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாக" என்றார். திறந்தேன். மூடியில் அந்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் அப்படியே இருந்தார்கள். கடைசி வரிசையில் முன்பு காலியாக இருந்த இடத்தில் புதிதாக ஒரு படம். அந்தப் பொங்கல் கச்சேரியில் யாரோ எடுத்தது. மொட்டைத் தலைக் கிட்டாரோடு சிக்கந்தர் அண்ணன், ஓரத்தில் மைக்கோடு நான். போஸ்டர் அடித்தவர்களே, அவர் கிட்டாரோடு நிற்கிற படம் இல்லை என்றீர்களே! மதினியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதைக் கொடுத்திருப்பார். நானும் அடையாளம் கண்டு வந்து, அந்த மனிதரின் முகத்தைக் கடைசியாகப் பார்த்திருப்பேன்.

நேற்று மேலமாசி வீதிக்கு ஒரு வாளித் தண்ணீரோடு போனேன். போஸ்டரை நனைத்து, அந்தத் தையல் மெஷின் பெயரை மட்டும் நகத்தால் சுரண்டி எடுத்தேன். "எம்மா, செத்தவுக போஸ்டரப் போயி கிழிக்கிறியே!" என்று டீக்கடைக்காரர் சத்தம் போட்டார். "அவர் இருந்தா அவரே கிழிச்சிருப்பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த சுவருக்குப் போனேன். கீழமாசி வீதி இன்னும் பாக்கி இருக்கிறது. நாளைக்குப் போவேன்.

சற்று முன் தனபால் அண்ணன் இந்த மேடையில் ஓர் அறிவிப்புச் செய்தார். அந்தக் கிட்டாரை ஒத்திகை அறையில் மாட்டி, அதன் தலையில் 'சிக்கந்தர்' என்று பொன் எழுத்தில் எழுதப்போகிறாராம். எல்லோரும் கைதட்டினீர்கள். மாரி அண்ணன் பெயின்ட் டப்பாவையும் திறந்துவிட்டார். அண்ணே, உங்கள் பாசம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் உயிரோடு இருந்தவரை எந்தப் பெயரையும் அதில் ஏற விடாதவர் அவர். அவர் பெயரே ஆனாலும் ஏற விடமாட்டேன். சுவரில் மாட்டவும் விடமாட்டேன். அவரிடமிருந்து எனக்கு வந்தது இந்தக் கிட்டாரும், மூடியில் இருக்கும் படங்களும், என் முதுகுக்குப் பின்னால் கேட்ட அந்தச் சத்தமும்தான். மூன்றையும் அவர் வைத்திருந்தபடியே வைத்திருப்பேன்.

என்ன கம்பெனி என்று யாராவது கேட்டால், கேட்டவர் உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேட்டுவிட்டுப் போகட்டும். இப்போதே கேட்கலாம். பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறேன்; எட்வின் வாசிக்க நான் பாடுகிறேன்.

மாரி அண்ணே, டப்பாவை மூடுங்கள். எட்வின், நீ வந்து வயரைச் சொருகு.